நிறம் சேராத வலை

என் பின்னலை மெஷின் பெல்ட் பிடித்துக்கொண்டபோது நான் கத்தவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது நினைவில் இல்லை. தரையில் சிந்திய தேயிலைக் காம்புகளைக் கூட்டிச் சேர்க்கக் குனிந்தேன். யாரோ வேண்டுமென்றே பின்னாலிருந்து சடையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. எவள் அது என்று கோபத்தோடு திரும்பப் போனேன். அதோடு நினைவு அறுந்துவிடுகிறது.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பாதையில், பள்ளத்தில் இறங்கினால் வரும் எஸ்டேட் அது. வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலம். அப்பா பைக்காராவில் மின்சார வேலைக்குப் பாறை உடைக்கப் போனவர், அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். அம்மா தோட்டத்தில் இலை பறித்தாள். நான் பேக்டரியில் சல்லடை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூளிலிருந்து காம்பு பொறுக்கினேன். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயது எனக்கு. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் என்னளவு முடி யாருக்கும் இல்லை என்பதில் அம்மாவுக்குப் பெருமை.

பேக்டரி உத்தரத்தின் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். எங்கள் மெஷினின் பெல்ட் தரைக்கு அருகில் வந்து போகும். அதற்கு மரத்தில் ஒரு மூடி இருந்தது. மழைக்காலத்தில் ஈரம் பட்டு பெல்ட் நழுவும். நழுவும்போதெல்லாம் மூடியைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். கழற்றிக் கழற்றிச் சலித்துப்போய், ஒருநாள் மூடியைச் சுவரில் சாய்த்துவைத்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். என் பின்னல் மாட்டியபோதும் அது சுவரோரம்தான் கிடந்தது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தேன். முன்நெற்றிக்கு மேலிருந்து உச்சி தாண்டிப் பின்மண்டை வரை தோலோடு முடி போயிருந்தது. ஆறிய இடம் வழவழவென்று, சில இடம் வெளுத்தும் சில இடம் சிவந்தும் இருந்தது. திரும்பி வந்தபின் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டிலிருந்த கண்ணாடியை அம்மா எங்கோ எடுத்துவைத்துவிட்டாள். தண்டிலிருந்து வெட்டி எடுத்த என் பின்னலை மட்டும் கழுவி, வெள்ளைத்துணியில் சுற்றி, பெட்டியில் வைத்திருந்தாள். அதைத் தூக்கிப்போடச் சொன்னவர்களோடு அவள் பேசுவதை நிறுத்தினாள். பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு வரவில்லை.

துரையின் மனைவியைத் துரைசாணி என்போம். அவள் இந்த மலையிலேயே வேறொரு எஸ்டேட்டில் பிறந்து, கோயம்புத்தூர் ஆயாவின் இடுப்பில் வளர்ந்தவள். அதனால் எங்கள் தமிழையே பேசுவாள். ழகரம் மட்டும் வராது. ஒருநாள் ஆள் அனுப்பி எங்களை பங்களாவுக்குக் கூப்பிட்டாள். முந்தானையை எடுக்கச் சொன்னாள். பார்த்துவிட்டு வெகுநேரம் சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"அந்த முடி உங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க. எனக்குத் தர்றீங்களா? அதுலயே டோப்பா கட்டி வாங்கித் தர்றேன்" என்றாள்.

அம்மா தரமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ மறுநாளே துணியோடு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெங்களூரில் நாடகக் கம்பெனிகளுக்கு டோப்பா கட்டும் ஒருவரிடம் துரைசாணி சொல்லிவைத்தாள். அவர் வேலை எப்படி என்பதை அவளே எனக்கு விளக்கினாள். கொசுவலையைவிட மெல்லிய ஒரு வலை. அதில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் இழுத்து முடிச்சுப் போடுவார்கள். வலையின் விளிம்பு நெற்றியில் ஒட்டி உட்காரும். வலையின் நிறம் தோலின் நிறத்தோடு சேர்ந்துவிட்டால் முடி மண்டையிலிருந்தே முளைத்ததுபோல் தெரியும். சேராவிட்டால் நெற்றியில் கோடு விழும்.

அவர் அனுப்பிய மாதிரித் துண்டுகள் எல்லாமே வெள்ளைக்கார நிறம். ஒன்று பால்போல, ஒன்று ரோஜா கலந்த மாதிரி, ஒன்று பிஸ்கட் மாதிரி. நாடகக்காரர்கள் மேலே அரிதாரம் பூசிக்கொள்வதால் அவர்களுக்கு எந்த நிறமும் ஒன்றுதானாம். கறுத்த தோலுக்கு வலை கிடையாது, வேண்டுமென்றால் வெள்ளை வலையை வாங்கி நீங்களே சாயம் ஏற்றி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

சாயத்துக்குத் தேயிலைத் தூளைவிட வேறென்ன வேண்டும்? துரைசாணி ஒரு பீங்கான் கிண்ணத்தில் தூளைக் கொதிக்கவைத்து வலைத்துண்டை அதில் போட்டாள். எடுத்தபோது சிவந்த மஞ்சள். என் நெற்றியில் வைத்தால் மஞ்சள் பூசிக் கழுவாமல் விட்டதுபோல் இருந்தது. மறுதடவை கிண்ணம் வேறு வேலைக்குப் போயிருக்க, சமையல்காரர் துருப்பிடித்த இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்தார். அதில் சாயம் கருகலாக ஏறியது. இரும்புச் சட்டியில் வலை கிடக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பலவிதமாகச் செய்து பார்த்தாள். ஈரத்தில் சரியாகத் தெரியும் நிறம் உலர்ந்ததும் வெளுத்துவிடும். மேகம் இறங்கிய நாட்களில் எந்த நிறத்தையும் நம்ப முடியாது. வெயில் வரும்வரை காத்திருப்போம். வந்ததும் என்னைச் சன்னலோரம் உட்காரவைத்து, ஒவ்வொரு துண்டாக நெற்றியில் ஒட்டி, கையில் கண்ணாடியைக் கொடுப்பாள்.

இப்படித்தான் நான் மறுபடி கண்ணாடி பார்க்கத் தொடங்கினேன். முதலில் நெற்றியை மட்டும் பார்த்தேன். பிறகு கண்ணையும் பார்த்தேன். என் முடி எனக்குத் திரும்பி வரப்போகிறது என்ற ஆசை மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நாட்களில்தான் டீமேக்கர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பேக்டரியில் துரைக்கு அடுத்தவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், சத்தம் போட்டுப் பேசாதவர். நாங்கள் கொடுத்த முக்காலியில் உட்காரவில்லை.

"பேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வர்றாரும்மா" என்றார். "முடி கொஞ்சம் சிக்கிச்சு, தோல் லேசா கிழிஞ்சிச்சு, மெஷினுக்கு மூடி இருந்துச்சுன்னு துரை எழுதி அனுப்பியிருக்கார். நீ அந்த டோப்பாவை வச்சுக்கிட்டு நல்லபடியா வந்து நில்லு. ஆறிடுச்சுன்னு சொல்லு. போதும்."

அம்மாதான் கேட்டாள். "டோப்பா இதுக்குத்தானுங்களா கட்டறாங்க?"

"நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்ல நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனதும் அம்மா என் கையை இழுத்துத் தன் உச்சியில் வைத்துக்கொண்டாள்.

"நீயா வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா பதில் சொல்லு. கேக்காத எதையும் சொல்லாத. என்ற மேல சத்தியம் பண்ணு."

இந்த வீடு போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். சத்தியம் செய்தேன்.

மறுநாள் பங்களாவுக்குப் போகும் வழியில் பேக்டரிச் சன்னலருகே நின்றேன். விபத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாமல் சுற்றுவழியில்தான் போய்க்கொண்டிருந்தேன். அன்று ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் பக்கத்து லைனில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். கனகாம்பரம் வைத்த பின்னல் முதுகில் கிடந்தது. பெல்ட் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். பின்னல் தோளிலிருந்து நழுவித் தொங்கியது. அவளைக் கூப்பிடக்கூட பயம், கூப்பிட்டுத் திரும்பும்போது ஏதாவது ஆகிவிடுமோ என்று. அவள் நிமிரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டு நடந்தேன்.

பங்களாவில் வெயில் விழும் மேசையில் துரைசாணி வெவ்வேறு சாயத்தில் வலைத்துண்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். அம்மா எனக்கு முன்பே அங்கே வந்திருந்தாள். அன்றைக்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்து பெங்களூருக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகு முடி கோக்கத் தொடங்கிவிடுவார்கள், மாற்ற முடியாது.

துரைசாணி ஒன்றை எடுத்து என் நெற்றியில் ஒட்டினாள். கறுப்பு தூக்கலாக இருந்தது. இன்னொன்றை வைத்தாள். கண்ணாடியில் பார்த்தேன். வலை காணாமல் போயிருந்தது. எங்கே தொடங்குகிறது, எங்கே என் தோல் முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

"இதான்" என்றாள் துரைசாணி. குரலில் அத்தனை சந்தோஷம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் அதுதான் வேண்டும். வேறெதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை. ஆனால் கண்ணாடியில் அந்த மறைந்துபோன விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீமேக்கர் சொன்னது நினைவுக்கு வந்தது. இதை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றால் அவர் என்னத்தைப் பார்ப்பார்? நல்ல முடியுள்ள ஒரு பெண்ணைப் பார்ப்பார். ஆறிவிட்டதா என்று கேட்பார். ஆறிவிட்டது என்பேன். எழுதிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பெண் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பாள்.

கேட்டால் பதில் சொல்லலாம் என்றுதான் சத்தியம். கேட்க வைப்பதற்கு எதிராக நான் சத்தியம் செய்யவில்லை.

சாயம் ஏற்றாமல் விட்டிருந்த பிஸ்கட் நிறத் துண்டு மேசை ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்தேன்.

"எனக்கு இது வேணுமுங்க."

துரைசாணி சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. "அது உன்ற நெறமில்லியே அம்முணி. வச்சா கோடு தெரியுமே."

"தெரிஞ்சாப் பரவால்லீங்க. எனக்கு இதான் புடிச்சிருக்குது."

அவள் சிரிப்பு நின்றது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. இந்தப் பெண்ணுக்குத் தன் தோல் பிடிக்கவில்லை, என்னைப்போல் வெளுப்பாகத் தெரிய ஆசைப்படுகிறாள் என்று நினைத்தாள். பரிதாபமும் சங்கடமுமாக அவள் முகம் சிவந்தது. காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. துரையின் மனைவியிடம் அதை எப்படிச் சொல்வது?

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள்.

"யோசிச்சுட்டனுங்க."

வீட்டுக்குப் போகும்போது அம்மா லைனுக்குத் திரும்பும் வளைவில் நின்று, "செவப்பாத் தெரியோணுமா உனக்கு? உன்ற அப்பன் நெறம் கசக்குதா?" என்று கேட்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

டோப்பா வந்தது. என் முடியேதான், தொட்டபோது தெரிந்தது. துரைசாணி பசை தடவி ஒட்டக் கற்றுக்கொடுத்தாள். பேசும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை வெளிறிய பட்டை ஓடியது, கட்டுப் போட்டதுபோல. குழாயடியில் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "துரைசாணி நெத்திய வாங்கிட்டு வந்துட்டா" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. என் இடத்தில் வேலை செய்த அந்தப் பெண்ணும் அந்தச் சிரிப்பில் இருந்தாள்.

விசாரணை நாள் காலையில் அம்மா என் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, புருவம்வரை இறக்கி, கன்னத்தோரம் செருகிவிட்டாள். அந்தக் கோட்டை ஆபீசர் பார்த்தால் மானம் போய்விடும் என்பது அவள் எண்ணம். நான் தடுக்கவில்லை, தடுத்தால் ஏன் என்று கேட்பாள்.

ஆபீசில் துரை நாற்காலியில் இருந்தார். டீமேக்கர் பக்கத்தில் நின்றார். இன்ஸ்பெக்டர் சமவெளியிலிருந்து வந்த தமிழர். குளிர் தாங்காமல் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். நான் உள்ளே போனபோது அவர் தலை நிமிரவில்லை. துரை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போக, அவர் எழுதிக்கொண்டே இருந்தார். இடையில் என் பக்கம் பேனாவை நீட்டினார்.

"காயம் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுங்க."

"இப்ப வலி இருக்கா?"

"இல்லீங்க."

அவர் கண் காகிதத்திலேயே இருந்தது. கேள்வி முடிந்தது. பேனாவை மூடினார். அத்தனை நாள் ஏச்சும் சிரிப்பும் தாங்கிக்கொண்டு நெற்றியில் ஒட்டிவந்த கோட்டை அவர் பார்க்கவே இல்லை. வாயைத் திறக்கக் கூடாது. அம்மா வெளியே வராந்தாவில் நிற்கிறாள்.

செருகியிருந்த முந்தானையைக் காதோரம் விரலால் தளர்த்தினேன். அது வழுக்கித் தோளில் விழுந்தது.

துரை பேச்சை நடுவில் நிறுத்தினார். அந்தத் திடீர் அமைதிதான் இன்ஸ்பெக்டரை நிமிர வைத்தது. முதலில் துரையைப் பார்த்தார். துரை பார்த்த திசையில் என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நெத்தியில என்னம்மா அது? கட்டா?"

"வலைங்க."

"என்ன வலை?"

"டோப்பா கட்டுன வலைங்க. அதுக்கு அடியில முடி கெடையாதுங்க."

"எதுவரைக்கும் கிடையாது?"

கையை நெற்றியில் வைத்து, உச்சி வழியாகப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினேன். டீமேக்கர் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"அன்னைக்கு மெஷினுக்கு மூடி போட்டிருந்துச்சா?"

"இல்லீங்க."

"இப்ப இருக்கா?"

"நான் உள்ள போயி ரொம்ப நாளாச்சுங்க. நீங்களே போய்ப் பாருங்க."

அவர் எழுந்தார். டோப்பாவைக் கழற்றச் சொல்வாரோ என்று பயந்தேன், சொல்லவில்லை. பேக்டரிக்குப் போனார். மூடி இருந்தது, புதுக் கயிற்றால் அவசரமாகக் கட்டியபடி. அவர் கை வைத்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது என்று அந்தப் பெண்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

எல்லா பெல்ட்டுக்கும் இரும்பு வலைக்கூண்டு போடும்வரை மெஷின்கள் நின்றன. எங்களை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை; இன்ஸ்பெக்டரின் பார்வை எஸ்டேட் மேல் இருக்கும்போது அதைச் செய்ய முடியவில்லை. என்னை நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். டீமேக்கர் கொஞ்ச நாளில் வேறு எஸ்டேட்டுக்குப் போனார்.

துரைசாணி ஒருநாள் நாற்றங்காலுக்கே வந்தாள். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"அந்தக் கலர் எதுக்கு எடுத்தேன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. டோப்பா விசாரணையில காயத்த மறைக்கத்தான்னு துரை எனக்குச் சொல்லல" என்றாள். பிறகு, "நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

அவள் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். "தெரியல" என்றாள். அவள் பொய் சொல்லாததால் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கட்டிய டோப்பாவை மாற்ற முடியாது என்று முன்பு சொன்னவள், முன்பக்க வலையை மட்டும் பிரித்துப் புதிதாக வைத்துத் தர பெங்களூர்க்காரரைச் சம்மதிக்க வைத்தாள். சரியான சாயத் துண்டு அவளிடம் பத்திரமாக இருந்தது. பாதி முடியாவது வீணாகும் என்று அவர் சொல்லியிருந்தார், வீணாகத்தான் ஆனது. திரும்பி வந்தபோது அடர்த்தி குறைந்திருந்தது. ஆனால் கோடு இல்லை.

அம்மா மட்டும் விசாரணை நாளிலிருந்து என்னோடு அதிகம் பேசாமல் இருந்தாள். எந்த நாளில் பெட்டியைத் தூக்கச் சொல்வார்களோ என்று அவள் தூக்கத்திலும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். டோப்பா மாறி வந்த வாரம், அந்தப் பெண்ணின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சொம்புப் பால். கூண்டு போட்டபின் மருமகள் பயமில்லாமல் வேலைக்குப் போகிறாள் என்று சொல்லிவிட்டு, மேலே என்ன பேசுவது என்று தெரியாமல் போய்விட்டாள்.

அம்மா சொம்பை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப, செவப்புக்கு ஆசப்பட்டு எடுக்கலியா நீ?"

"இல்லீம்மா."

"எங்கிட்டவாச்சும் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உடமாட்டீங்கல்ல."

அவள் டோப்பாவை எடுத்து மடியில் வைத்து, சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுக்கத் தொடங்கினாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்தாள்.

"எண்ண வெக்கக் கூடாதும்மா. வலை கெட்டுப்போயிருமாம்."

"எனக்குத் தெரியும், நீ சும்மாரு" என்று, நுனியில் மட்டும் ஒரு சொட்டுத் தடவினாள். வகிடு எடுத்து, மூன்றாகப் பிரித்து, வழக்கம்போல இறுக்கமாகப் பின்னி, நாடா கட்டி என்னிடம் நீட்டினாள்.